ஒரு பக்க மூக்கடைப்பு: பீனிசம் என்று சொல்லிக் காலம் கடத்தலாமா?

கேள்வி, 2024 பெப்ரவரி 11, காலை

"வயது 46. எட்டு மாதமாக இடது மூக்கு மட்டும் அடைப்பு. வலது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பார்த்த டொக்டர் உள்ளே சதை வளர்ந்திருக்கு, ஸ்ப்ரே அடியுங்கோ என்றார். மூன்று போத்தல் முடிந்துவிட்டது. மாமி இது பீனிசம் (நாட்டு வைத்தியத்தில் மூக்கு நோய்க்குச் சொல்லும் பெயர்) என்கிறா, நசியம் (மூக்கில் விடும் மருந்து) விடச் சொல்கிறா. வெட்டினால் திரும்பத் திரும்ப வளரும் என்று எல்லாரும் சொல்லினம். வலியும் இல்லை. பேசாமல் விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம். கட்டி என்றாலும் புற்று இல்லைத்தானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ."

2024 பெப்ரவரி 11, இரவு

தம்பி, விட்டுவிடாதீர்கள். மில்லில் நாள் முழுக்க நின்று கால் உளைகிறது, மிச்சம் நாளைக்கு.

அதற்கிடையில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு சில்வர் கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டெடுத்து, துடைத்து, மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து மெதுவாக மூச்சு விடுங்கள். ஆவி படியும். இரண்டு வட்டம் விழுந்தால் இரண்டு பக்கமும் காற்று வருகிறது. ஒரு வட்டம்தான் என்றால் சில மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தடிமன், ஒவ்வாமை அடைப்பெல்லாம் பக்கம் மாறி மாறி விளையாடும். எந்த நேரம் பார்த்தாலும் ஒரே பக்கம்தான் வெறுமை என்றால் அங்கே ஏதோ குந்திக்கொண்டிருக்கலாம்.

2024 பெப்ரவரி 12

எனக்குக் கறித்தூள் மில். மல்லி, மிளகாய் வறுத்து அரைத்துக் கொடுப்பது தொழில். 2014இல் வலது மூக்கு அடைக்கத் தொடங்கியபோது காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரே சொன்னது: மிளகாய்த் தூசு. நானும் நம்பினேன். நொச்சி இலை போட்டு வேது பிடித்தேன், மல்லிக்கோப்பி குடித்தேன், முகத்தில் துணி கட்டிக்கொண்டு அரைத்தேன். தூசு இரண்டு துவாரத்தாலும்தானே போகிறது, இடது மூக்கு ஏன் சும்மா இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மணம் போகாததுதான் என்னை ஏமாற்றியது. மல்லி கருகினால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன், அதனால் மூக்கு நல்லாயிருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் மனைவி விளையாட்டாக என் இடது துவாரத்தைப் பொத்திவிட்டு ஒரு பிடி பெருஞ்சீரகத்தை நீட்டினா. பெருஞ்சீரகம் கண்முன்னால் இருக்கிறது, மூக்குக்கு அது வெறும் மணல். அவ சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2016இல் ஒரு தனியார் இடத்தில் காட்டினேன். "பொலிப், இழுத்துவிட்டால் சரி" என்றார்கள். பொலிப் என்றால் மூக்குச் சவ்வு வீங்கித் தொங்குகிற மெத்தென்ற சதை. அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. எடுத்த சதையைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள், காசைக் கட்டிவிட்டு வந்தேன். அந்தச் சதை பிறகு எங்கே போனது? நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. 2018 கடைசியில் அதே பக்கம், அதே அடைப்பு. இந்தமுறை மூக்கைச் சீறினால் லேஞ்சியில் இளஞ்சிவப்பு. வேறொரு டொக்டரிடம் போனேன். அவர் டோர்ச்சை எடுப்பதற்கு முதலே கேட்டார்: "முதல் ஒப்பரேசனின் பயொப்சி றிப்போட் எங்கே?" எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து எழுதுகிற றிப்போட் அது. குப்பை வாளியில் என்று சொல்ல வாய் வந்தது.

இரண்டாம் முறை பயொப்சி எடுத்துத்தான் பெயர் தெரிந்தது: இன்வேர்ட்டட் பப்பிலோமா, மூக்குச் சவ்வில் மரு போல முளைக்கும் கட்டி. புற்று இல்லை. ஆனால் சாதுவும் இல்லை. பொலிப் என்பது இரண்டு பக்கமும் வருவது, ஒரு பக்கம் மட்டும் என்றால் அது பொலிப் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2024 பெப்ரவரி 13

நேற்றைய கடைசி வசனத்துக்கு ஏச்சு விழுந்திருக்கிறது. ஏசியவர் மருத்துவம் படிக்கிற பிள்ளை, அவர் சொல்வது சரி. ஒரு பக்கப் பொலிப் உண்டு. கன்னச் சைனஸில் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) முளைத்து, அதன் வாசலால் வெளியே வந்து, மூக்கின் பின்பக்கமாகத் தொண்டையை நோக்கித் தொங்கும். 1906இல் கில்லியன் என்ற ஜேர்மன் டொக்டர் விவரித்தது. பள்ளிக்கூட வயதிலும் இளவயதிலும்தான் அதிகம். பல்வேரில் சீழ் வைத்து மேலே சைனஸுக்குள் ஏறினாலும் ஒரு பக்கம்தான் அடைக்கும், அதற்கு நாற்றம் இருக்கும். சின்னப்பிள்ளை என்றால் பாசிமணியோ புளியங்கொட்டையோ உள்ளே தள்ளியிருக்கும்.

ஆகவே திருத்தம்: ஒரு பக்கம் என்றால் உள்ளே பார்க்காமல் பெயர் வைக்கக்கூடாது. அவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 15

உள்ளே பார்ப்பது என்றால் என்ன, வலிக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் மரக்கச் செய்யும் மருந்தில் நனைத்த பஞ்சுத் துண்டை இடுக்கியால் உள்ளே வைப்பார்கள். பத்து நிமிடம். மருந்து தொண்டைக்குள் இறங்கும், வேப்பங்கொட்டைக் கசப்பு. மேற்பல் வரிசை இரவல் பல் மாதிரி ஆகிவிடும். பிறகு பென்சிலைவிட மெல்லிய கம்பி, நுனியில் வெளிச்சம், படம் பக்கத்துத் திரையில் விழும். வலி இல்லை. தும்மல் வருகிற மாதிரி ஒரு கூச்சம், கண்ணால் தண்ணீர்.

என் இடது மூக்கை முதலில் காட்டினார். வழுவழுவென்று இளஞ்சிவப்புச் சுரங்கம், கடைசியில் இருட்டு. வலதுக்குள் கம்பி ஒரு அங்குலம்கூடப் போகவில்லை, வழியில் சதை. சாதாரணப் பொலிப் தோல் உரித்த முந்திரிகைப்பழம் (திராட்சை) போல, சாம்பல் வெளிறலாக, பளபளவென்று இருக்குமாம். வேறொருவருடைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார், அப்படித்தான் இருந்தது. எனக்கிருந்தது கோலிபிளவர் மாதிரி சொரசொரவென்று, இன்னும் சிவப்பாக, நுனிநுனியாக. ஆனால் கண்ணால் பார்த்து முடிவுகட்ட முடியாது என்று அவரே சொன்னார். முந்திரிகை போலத் தெரிவதற்குப் பின்னால் கோலிபிளவர் ஒளிந்திருப்பதும் உண்டாம்.

பெயரைப் பற்றியும் சொல்லவேண்டும். இன்வேர்ட்டட் என்றால் உள்நோக்கித் திரும்பியது. மரு வெளியே முளைக்கும். இது வெளியேயும் தொங்கும், அதோடு தன் தோலையே அடியில் இருக்கும் சதைக்குள் மடித்துக்கொண்டு இறங்கும். சேட்டுக் கையை உள்ளே திருப்பிவிட்டது போல. 1854இல் வார்ட் என்பவர் மூக்குப் பப்பிலோமாவைப் பற்றி எழுதினார். உள்நோக்கி வளரும் இந்தக் குணத்தை நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவர் ரிங்கெர்ட்ஸ், 1938இல். இது முளைக்கிற சவ்வுக்கு சினைடர் சவ்வு என்று பெயர். சினைடர் 17ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் விட்டன்பேர்க்கில் இருந்தவர். அதுவரை ஐரோப்பாவில் சளி மூளையிலிருந்து வடிந்து மூக்கால் வருகிறது என்று நம்பியிருந்தார்கள். இல்லை, மூக்குச் சவ்வேதான் சுரக்கிறது என்று காட்டியவர் அவர்.

எங்கள் அம்மா சாகும்வரை "தலையில நீர் கோத்து மூக்கால இறங்குது" என்றுதான் சொன்னா. சினைடர் கோப்பாய்ப் பக்கம் வந்திருந்தால் அவரையும் முழுகவிடாமல் வைத்திருப்பா.

2024 பெப்ரவரி 16

பீனிசம் என்ற சொல்லுக்காக இங்கே இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை. சித்த வைத்தியரிடம் போனவர்களையும் நான் குறை சொல்லவில்லை, தடிமனுக்கு வேது பிடித்தால் எனக்கும் சுகம்தான். ஆனால் பீனிசம் என்பது ஒழுகல், அடைப்பு, தலையிடி எல்லாவற்றையும் போட்டுக்கட்டிய ஒரு சாக்கு. சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்க்காமல் நசியம் விட்டு என்ன? ஸ்ப்ரேயும் அப்படித்தான். அது சாதாரணப் பொலிப்பைச் சுருக்கும். பப்பிலோமா அதைக் கண்டுகொள்ளாது. நான் நான்கு போத்தல் அடித்தவன், தம்பியைவிட ஒன்று கூட.

2024 பெப்ரவரி 25

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறா. மகனுக்குப் 15 வயது. ஒரு பக்கம் அடைப்பு, கிழமைக்கு ஒருக்கால் மூக்கால் இரத்தம், போன கிழமை தலையணை நனையும் அளவுக்கு. "அண்ணை சொன்ன மாதிரி கெதியாக ஒரு துண்டு எடுத்துப் பயொப்சிக்கு அனுப்பச் சொல்லவா?" என்று கேட்டிருக்கிறா.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நான் பயொப்சி பயொப்சி என்று கத்தியதன் வினை இது. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பதின்ம வயதுப் பையன், ஒரு பக்க அடைப்பு, திரும்பத் திரும்ப இரத்தம். இந்த மூன்றும் சேர்ந்தால் டொக்டர்மாருக்கு முதலில் நினைவு வருவது அஞ்ஜியோபைபுரோமா. அதுவும் புற்று இல்லை. மூக்கின் பின்புறத்தில், இரத்தக்குழாய் உள்ளே வருகிற ஒரு சின்ன எலும்புத் துவாரத்துக்குப் பக்கத்தில் முளைக்கும். ஏறக்குறைய ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே வரும். கட்டி முழுவதும் இரத்தக்குழாய்ப் பின்னல், அந்தக் குழாய்களின் சுவரில் சுருங்குகிற தசை சரியாக இராது. ஆகவே கிளினிக் கதிரையில் வைத்து ஒரு துண்டைக் கிள்ளினால் இரத்தம் நிற்காது. ஸ்கான் படத்தை வைத்தே கண்டுபிடிப்பார்கள். கன்னச் சைனஸின் பின்சுவரைக் கட்டி முன்னே தள்ளி வில்லுப்போல வளைத்திருக்கும், அதற்கு ஹோல்மன் மில்லர் அடையாளம் என்று பெயர். பெரும்பாலும் ஒப்பரேசனுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால், தொடையிலோ கையிலோ குழாய் விட்டு, கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியை அடைப்பார்கள். பிறகுதான் எடுப்பது. அதற்கு வசதியுள்ள இடம் வேண்டும். முதலில் பெரியாஸ்பத்திரியில் காட்டி, அவர்கள் எங்கே அனுப்பினாலும் போங்கள்.

சின்னப்பிள்ளைகளுக்கும் இதே எச்சரிக்கை. பிறந்ததிலிருந்து மூக்குக்குள் ஒரு குமிழ் இருந்து, பிள்ளை அழும்போது அது புடைத்தால், மூளையின் உறையே எலும்பு இடைவெளியால் கீழே இறங்கியிருக்கலாம். அதைக் கிள்ளினால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. படம் எடுக்காமல் ஒருவரும் தொடக்கூடாது.

2024 மார்ச் 3

தம்பி இன்னும் ஸ்கான் எடுக்கவில்லையாம். சிவராத்திரி கழியட்டுமாம். சரி.

மாட்டுக்குளத்தில் முழுகினால் மூக்கில் சதை வளரும் என்று ஒருவர் எழுத, மற்றவர் அது கட்டுக்கதை என்றார். கட்டுக்கதை இல்லை. ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் உலகத்தில் அதிகம் இருப்பதே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். கண்டுபிடித்ததோ ஆர்ஜென்டீனாவில், 1900இல், சீபர் என்ற மாணவர். பேராதனையில் பேராசிரியர் அர்சகுலரத்ன இதை நீண்டகாலம் ஆராய்ந்தவர். தேங்கிய குளத்துத் தண்ணீரில் முழுகுபவர்களுக்கும் அதில் இறங்கி வேலை செய்பவர்களுக்கும் வருகிறது. ஒட்டுவாரொட்டி இல்லை. முதலில் பூஞ்சணம் என்றார்கள், பிறகு பூஞ்சணமும் இல்லை விலங்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு தனிக்கூட்டம் என்று மரபணுவைப் பார்த்து மாற்றி வைத்தார்கள்.

பார்த்தால் தெரியும் என்பார்கள்: ஸ்ரோபெரிப்பழம் போலச் சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளி புள்ளியாக, தொட்டால் இரத்தம். சரியாகச் சொன்னால் கட்டி இல்லை, கட்டி வேடம் போட்ட தொற்று. எடுத்துவிட்டு அடியை மின்சாரத்தால் சுடுவார்கள். டாப்சோன் என்ற குட்டநோய் மாத்திரையையும் சில வேளை மாதக்கணக்கில் கொடுப்பார்கள். அடியைச் சுடாவிட்டால் இதுவும் திரும்பி வரும்.

கிணற்றில் அள்ளி வார்க்கும் ஆட்கள் அவ்வளவு பயப்படத் தேவையில்லை.

2024 மார்ச் 10

தம்பி சி.ரி. எடுத்துவிட்டார். றிப்போட்டில் "இடது கன்னச் சைனஸ் முழுவதும் நிரம்பியுள்ளது" என்ற வரியைப் படம் பிடித்துப் போட்டு, "அப்ப கட்டி இவ்வளவு பெரிசா?" என்று கேட்கிறார்.

அவசரப்படாதீர்கள். சி.ரி. எலும்பை நன்றாகக் காட்டும். ஆனால் சதையும், அதற்குப் பின்னால் வழியில்லாமல் தேங்கிய சளியும் அதில் ஒரே சாம்பல் நிறம்தான். எனக்கும் சைனஸ் முழுக்கச் சாம்பல். அதைப் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு எம்.ஆர்.ஐ எடுக்க இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன், மகள் அங்கே இருக்கிறாள். அந்தப் படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கட்டி, மிச்சம் தேங்கல். பப்பிலோமா எம்.ஆர்.ஐயில் மூளையின் மடிப்புப் போல வரிவரியாகத் தெரியும்.

சி.ரியிலும் ஒரு துப்பு இருக்கிறது. டொக்டர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கன்னச் சைனஸின் பின்சுவரில் ஒரு புள்ளியைப் பேனையால் தொட்டார். அந்த இடத்தில் மட்டும் எலும்பு தடித்து, சின்ன முளை போல நின்றது. "உங்கட கட்டி இதிலதான் பிடிச்சிருக்கு. மிச்சமெல்லாம் தொங்கல்." 2016இல் அவர்கள் மூக்குக்குள் தெரிந்த தொங்கலை இழுத்தெறிந்தார்கள், பின்சுவரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வெங்காயத் தோட்டத்தில் கோரைப்புல் பிடுங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புல் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், பத்தாம் நாள் திரும்பவும் பச்சை.

திரும்பத் திரும்ப வளரும், அதனால் வெட்டாதே என்று சொல்லுகிறவர்கள் பார்த்தது பெரும்பாலும் கிழங்கு விட்ட கோரையைத்தான்.

2024 மார்ச் 17

ஒப்பரேசன் கதை கேட்டவர்களுக்கு. நீளும்.

முதலில் சித்தப்பாவின் கதை. அவருக்கும் மூக்குக்குள் கட்டி, எண்பதுகளின் தொடக்கம். என்ன கட்டி என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கடுதாசி எதுவும் மிஞ்சவில்லை. கண்ணின் உள்மூலையில் தொடங்கி, மூக்கோரமாக இறங்கி, மூக்குச் சிறகைச் சுற்றிக் கீறி, மூக்கை ஒரு கதவு போலத் திறந்து எடுத்தார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வழி. அப்படிக் கீறாவிட்டால் கிழங்கு தெரியாது. தழும்பு கடைசிவரை இருந்தது. சின்னப் பொடியள் "சித்தப்பாவை ஆர் வெட்டினது?" என்று கேட்க, "வாளால வெட்டினவன், நான் பிடிச்சிட்டன்" என்பார்.

எனக்கு முகத்தில் ஒரு கீறலும் இல்லை. எல்லாம் துவாரத்தால். எழுபதுகளில் ஒஸ்ரியாவின் கிராஸ் நகரத்தில் மெசர்கிளிங்கர் என்பவர் கம்பிக் கமராவால் மூக்குக்குள் பார்த்துப் பார்த்துப் படித்தார். எண்பதுகளின் நடுவில் அது ஒப்பரேசனாகப் பரவியது. கமரா நேரே மட்டும் பார்ப்பதில்லை, 30, 45, 70 பாகை சரித்துப் பார்க்கிற கம்பிகளும் உண்டு. மூலைக்குள் ஒளிந்திருக்கும் கிழங்கைக் கண்டுபிடிப்பது அவற்றால்தான்.

2019 ஜூன், அரச ஆஸ்பத்திரி, காசு இல்லை. முழு மயக்கம். தலைப்பக்கத்தை உயர்த்தி, பிரசரைக் கொஞ்சம் கீழே வைத்திருந்தார்கள். இரத்தம் குறைந்தால்தானே கமராவில் படம் தெரியும். மூன்றரை மணித்தியாலம். கன்னச் சைனஸுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள சுவரை எடுத்து இரண்டையும் ஒரே அறையாக்கி, பின்சுவரில் கட்டி பிடித்திருந்த இடத்துச் சவ்வை உரித்து, அடியில் தடித்திருந்த எலும்பை வைரத்தூள் பூசிய சின்னத் துரப்பணத்தால் தேய்த்துவிட்டார்கள். எடுத்ததெல்லாம் போர்மலின் போத்தலில். இந்தமுறை தியேட்டருக்குப் போகும்போதே கேட்டேன்: "எல்லாத்தையும் அனுப்புவீங்கள்தானே?" டொக்டர் சிரித்தார். ஒரு துண்டு மட்டும் போதாது, முழுவதையும் பார்க்கவேண்டும், ஒரு மூலையில் புற்று ஒளிந்திருந்தால் அந்த மூலை போத்தலுக்குள் இருக்கவேண்டும்தானே என்றார்.

கையெழுத்து வாங்கும்போது சொன்னவை: கண் பக்கத்தில்தான், மூளை மேலேதான், கண்ணீர்க்குழாய் நடுவில் ஓடுகிறது. கண் கண்டலாம், கண்ணால் நீர் வடியலாம், மூளைநீர் கசியலாம். எனக்குக் கண்ணுக்குக் கீழே நான்கு நாள் நீலம், அவ்வளவுதான்.

வலி நான் நினைத்ததில் கால்வாசி. கஷ்டம் வேறு இடத்தில். மூக்கு முழுக்கத் துணி அடைத்திருப்பதால் இரண்டு இரவு வாயால் மூச்சு. நாக்கு மரக்கட்டை. துப்பினால் பழுப்பு இரத்தம். மூன்றாம் நாள் காலை தாதி மிஸ் ஒரு தட்டோடு வந்து நுனியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினா. வந்தது, வந்தது, நல்லூர்த் தேர்வடம் போல வந்துகொண்டே இருந்தது. கண்ணுக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி. கடைசித் துண்டு வெளியே வந்ததும் குளிர்காற்று நெற்றிவரை ஏறியது. கன நாளுக்குப் பிறகு வலது மூக்கால் காற்று. வாட்டின் டெற்றோல் நாற்றம்தான் முதலில் வந்தது. பரவாயில்லை.

2024 மார்ச் 18

நேற்று இரவு எழுதியதை வாசித்துவிட்டு ஒருவர் "ஒளிந்திருக்கும் புற்று" என்று பயமுறுத்துவதாகக் குற்றம் சாட்டுகிறார். நியாயம். கணக்கைச் சொல்கிறேன்: இன்வேர்ட்டட் பப்பிலோமாவோடு புற்று சேர்ந்திருப்பது 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு என்று நூல்களில் இருக்கிறது, நடுவாகப் பத்து. அதில் பெரும்பகுதி முதல் தரம் எடுக்கும்போதே பக்கத்தில் இருப்பது. நல்ல கட்டியாக எடுத்துவிட்டுப் பிறகு வருகிற புற்று அதைவிடக் குறைவு. இந்தப் பப்பிலோமாவே ஆண்களுக்குப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம், பெரும்பாலும் நாற்பது தாண்டிய வயதில். தம்பியும் நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறோம்.

பொறுத்திருக்கக்கூடாத அறிகுறி: கன்னம் மரப்பது, மேல்வரிசைப் பல் ஆடுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கழுத்தில் நெறி கட்டுவது. இதில் ஒன்றிருந்தாலும் அந்தக் கிழமையே போங்கள்.

2024 ஏப்ரல் 6

உப்புத்தண்ணீர் பற்றி ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள். ஒப்பரேசனுக்குப் பிறகு அந்தப் பெரிய அறையில் பொருக்குப் பிடிக்கும். மூன்று மாதம் எனக்கு அதோடுதான் சீவியம். கழுவாவிட்டால் நாறும்.

கால் லீற்றர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கவேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பச்சையாக மூக்குக்குள் விடாதீர்கள், குடித்தால் வயிற்றில் சாகிற கிருமி மூக்கால் போனால் சாகாது, மூளைவரை ஏறுகிற அமீபாகூட உண்டு. எங்கள் பக்கத் தண்ணீர் கொதிக்கவைத்தால் கேத்தில் அடியில் சுண்ணாம்பு படியும், தெளிந்த பிறகு மேலாக வடித்தெடுங்கள். உப்பு அயடின் சேராதது கிடைத்தால் நல்லது, எரியாது. நான் ஆனையிறவுக் கல்லுப்பைப் பொடித்துப் போட்டேன். முதல் நாள் அளவு பிழைத்துவிட்டது, கடலுக்குள் தலைகீழாக விழுந்த மாதிரி இருந்தது.

குனிந்து, வாயைத் திறந்து, "ஆ" என்று சொல்லிக்கொண்டு ஒரு பக்கத்தால் விட்டால் மறுபக்கத்தால் வரும். முதல் தரம் வந்த பொருக்கைப் பேரன் பார்த்துவிட்டு ஒரு கிழமை எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

2024 ஏப்ரல் 21

சின்னதாக இரண்டு.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு மூக்கின் நடுச்சுவரில் சிவந்த மொட்டு, தொட்டால் இரத்தம் என்று கேட்டவர்: என் பெறாமகளுக்கும் ஏழாம் மாதம் அப்படி வந்தது. இரத்தக்குழாய்க் கட்டி. வேறு ஆபத்து இல்லாததால் பிள்ளை பிறக்கும்வரை பொறுத்தார்கள், பிறகு தானே வற்றிப்போனது. எல்லாருக்கும் வற்றும் என்றில்லை, வற்றாவிட்டால் அடியோடு எடுத்துச் சுடுவார்கள்.

தலையிடிக்கு எடுத்த ஸ்கானில் நெற்றிச் சைனஸுக்குள் எலும்புக்கட்டி என்று எழுதியிருக்கிறது என்றவர்: ஒஸ்ரியோமா. அனேகமாக ஆமையை விட மெதுவாக வளரும். வழியை அடைக்காவிட்டால், கண்ணையோ மூளையையோ நெருக்காவிட்டால், இடைக்கிடை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கேதான் "விட்டுவிடலாம்" என்ற சொல் செல்லும், அதுவும் பார்த்த பிறகு.

2024 ஜூன் 2

தம்பியின் முடிவு வந்துவிட்டது. பப்பிலோமா இல்லை. பூஞ்சண உருண்டை.

நான்கு மாதமாக எனக்கு வந்ததேதான் அவருக்கும் என்று மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன், இரண்டு தரம் இங்கேயும் சாடையாகச் சொல்லியிருக்கிறேன். பிழை. அவருடைய சி.ரியில் சாம்பலுக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள் இருந்தனவாம், டொக்டர் அதைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கிறார். நான் அந்தப் படத்தைப் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை. மூக்குக்குள் தெரிந்த சதை வீங்கிய சவ்வு மட்டும், அசல் வில்லங்கம் சைனஸுக்குள். வாசலை அகலமாக்கி, களிமண் போல இருந்ததை வழித்துக் கழுவி எடுத்துவிட்டார்கள். பூஞ்சண மாத்திரையும் தேவையில்லையாம். துண்டு பயொப்சிக்குப் போய், றிப்போட்டும் கையில் வந்துவிட்டது. அதைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன் அண்ணை என்று எழுதியிருக்கிறார்.

மாமி இன்னும் பீனிசம் என்றுதான் சொல்கிறாவாம்.

2024 ஜூன் 9

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் கோரைக்கிழங்கு, எலும்பு தேய்த்தல் என்று எழுதியதெல்லாம் வீணா?" என்று ஒருவர் கேட்கிறார். தம்பிக்கு வீண்தான். எனக்கு வந்தது அவருக்கு வராதது நல்ல விசயம், நான் ஏன் கோவிக்கவேண்டும்?

2024 ஜூலை 14

சாவகச்சேரித் தாய் எழுதியிருக்கிறா. மகனுக்குச் சந்தேகப்பட்டதேதான். இரத்தக்குழாயை அடைத்து, மறுநாள் எடுத்தார்களாம். இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது வீட்டில், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று சாட்டுச் சொல்கிறானாம். ஆறு மாதத்தில் திரும்பப் படம்.

2024 ஓகஸ்ட் 20

எனக்கு நாளைக்குக் கிளினிக். ஐந்து வருடம் முடிந்தும் ஏன் போகிறாய் என்று மில்லில் கேட்கிறார்கள். திரும்பி வருகிறவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடத்துக்குள் வரும், ஆனால் பிந்தி வந்ததும் உண்டு, அதனால் வருடத்துக்கு ஒருக்கால் வா என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கொப்பி, பழைய ஸ்கான், இரண்டாம் பயொப்சி எல்லாம் பையில் வைத்தாயிற்று. ஏழு மணிக்கு முதல் நின்றால்தான் முதல் இருபதுக்குள் நம்பர் கிடைக்கும். பஞ்சு மருந்துக் கசப்புக்கு ஒரு துண்டு பனங்கட்டி வாய்க்குள் வைத்துக்கொண்டு போவேன், யாராவது போவதென்றால் அதையும் மறக்கவேண்டாம்.